பலகையில் அடங்காதது

நகராட்சி எனக்கு ஒதுக்கியது அறுபது சொற்கள்.
பாதிக்கு மேல் ஆண்டுகளும் அளவுகளும்
தின்றுவிட்டன.
கட்டியது 1871. உயரம் இருபத்தாறு மீட்டர்.
படிகள் நூற்றுப் பன்னிரண்டு
(நான் ஏறி எண்ணியபோது நூற்றுப் பதினொன்று.
ஆனால் அலுவலகக் கணக்குதான் பலகை ஏறும்).

ஸ்கால்மோ துறைமுகத்தின் வாசல் அன்று
இங்கே இருந்தது,
நான் காலணியில் சேறு அப்ப நிற்கும்
இந்தச் சர்க்கரைக் கிழங்கு வயலில்.

முதல் காவலன் யெப்பே ஹோல்கர்சன்.
கடலுக்குப் பயந்தவன்,
அதனாலேயே வேலை கொடுத்தார்களாம்:
இவன் கப்பலேறி ஓடிவிட மாட்டான்.
அவன் குறிப்பேட்டில் முதல் பக்கம் எண்ணெய்க் கணக்கு.
இரண்டாம் பக்கம்:
"அக்டோபர் ஒன்பது. கண்ணாடியில் மோதிச் செத்த
வானம்பாடிகள் நானூற்றுப் பதினாறு.
நாற்பதை உப்பிலிட்டோம்."

வெள்ளை தெரிந்தால் வா.
சிவப்பு தெரிந்தால் மணல்திட்டு, விலகு.
மாலுமிக்கு அவ்வளவுதான் இலக்கணம்.
அதில் ஒரு பிழை இருந்தது,
மேரன் ப்ரூண் வீட்டு அடுக்களைச் சன்னல்.
தெற்கு மேட்டில்
விடிய விடிய எரியும்.
புருஷன் திரும்பவில்லை, அவள் திரியைத் தாழ்த்தவில்லை.

நிலக்கரிக் கப்பலொன்று
அந்தச் சன்னலைத் துறைமுகம் என்று நம்பி
மணலில் ஏறி முதுகு முறிந்தது.
உத்தரவு பிறந்தது: சன்னலில் கம்பளி தொங்கவிடுக.
கம்பளியைக் கொண்டுபோனவன் யெப்பே.
கம்பளியோடே திரும்பி வந்தான்.
அன்றைய குறிப்பு ஒரே வரி:
"கேட்க வாய் வரவில்லை."

சன்னல் மாறாது என்றானபின்
கோபுரம் மாறியது.
தலைநகரிலிருந்து புதுப் பல்சக்கரம் வந்தது.
அசையாமல் எரிந்த விளக்கு
பன்னிரண்டு நொடிக்கு இரண்டு முறை
கண்சிமிட்டப் பழகியது.
சிமிட்டினால் நான், சிமிட்டாவிட்டால் அவள்.
அதற்குப்பின் அச்சான கடல் வரைபடம் எல்லாவற்றிலும்
அந்த இரண்டு சிமிட்டல் உண்டு.
ஏன் இரண்டு என்று எதிலும் இல்லை.

பிறகு ஜெர்மானியர்கள்.
ஐந்து வருஷம் இருட்டு.
தொலைபேசி அடித்தால் மட்டும்
அவர்கள் கப்பலுக்காகக் கால் மணி நேரம்
விளக்கேற்ற வேண்டும்.
அந்த மணி அலைதடுப்புச் சுவர் முனைவரை கேட்கும்.
வெளியே, குளிரில், மூச்சை அடக்கிக்கொண்டு
ஊர்ப் படகுகள் காத்துக் கிடக்கும்.
அந்த வருஷங்களில் ஸ்கால்மோ தின்ற மீனெல்லாம்
பகைவன் வெளிச்சத்தில் கரை சேர்ந்தது.

குண்டு விழவில்லை. கடலும் இடிக்கவில்லை.
மணலை அனுப்பியது, அவ்வளவுதான்,
வருஷத்துக்கு ஒரு முழம், ஒரு முழம்.
கலங்களைக் கரைந்து அழைக்க நட்ட தூண் இது.
அழைத்த குரலுக்கு
மணல் வந்தது.
ஆறு சலித்துப்போய் வடக்கே மூன்று கிலோமீட்டரில்
வேறு வாய் திறந்துகொண்டது.
துறைமுகமும் பனிக்கட்டி ஆலையும் மதுக்கடையும்
அதன் பின்னாலேயே போயின.
மேரன் வீட்டை மட்டும் கடல் தின்றது,
சன்னலோடு.

அணைக்க வந்த மின்வாரியத்திடம்
மின்கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று
மறித்தவர் இந்த வயலின் சொந்தக்காரர் ஈவெர் லுண்டோ.
நவம்பரில் இரவெல்லாம் கிழங்கு தோண்டுகிறவர்.
வரலாறா, அதெல்லாம் தெரியாது என்றார்.
வெள்ளை விழும் இடம் வயல்,
சிவப்பு விழுந்தால் வாய்க்கால்.
டிராக்டரைத் திருப்ப வேண்டும்.

உயரத்தைப் பலகையிலிருந்து அடித்தேன்.
பார்க்கிறவனுக்குத் தெரியாதா உயரம்?
மூன்று சொல்லுக்கு இடம் கிடைத்தது.
மேரன் ப்ரூண் சன்னல்.
எந்தச் சன்னல் என்று அலுவலகம் கேட்கும்.
கேட்கட்டும்.

பொழுது சாய்ந்துவிட்டது.
தலைக்கு மேல் ஒன்று, இரண்டு.
பிறகு இருட்டு. எண்ணுகிறேன்,
ஒன்பது, பத்து,
டிராக்டர் எங்கோ வேகம் குறைக்கிறது.